சேஃப்டியின் கண் எங்கே போகிறது: அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு கல்லூரி வீரரை எடைபோடும் வழி

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 2010 டிராஃப்டில் டெய்லர் மேஸ் என்ற சேஃப்டி, அதாவது கடைசித் தடுப்பாளர், இருந்தார். 6 அடி 3 அங்குலம் உயரம், சுமார் 230 பவுண்டு எடை, 40 யார்டை 4.43 நொடியில் ஓடும் கால்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் முதல் சுற்றில் அவரை யாரும் எடுக்கவில்லை. 49-ஆவது தேர்வாகத்தான் சான் பிரான்சிஸ்கோ எடுத்தது, அடுத்த ஆண்டே வேறு அணிக்கு மாற்றியும் விட்டது. அதே டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில், 133-ஆவது இடத்தில் சியாட்டில் எடுத்த கேம் சான்சலரும் கிட்டத்தட்ட அதே உடல்வாகுதான். வேகத்தில் மேஸை எட்ட முடியாதவர். 2013 பருவத்தில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்ற தற்காப்பின் தூண்களில் ஒருவர் ஆனார்.

இந்த வித்தியாசத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். 40 யார்டு ஓட்டத்தில் 4.45 நொடிக்கும் 4.60 நொடிக்கும் இடையே 0.15 நொடி, முழு வேகத்தில் அது சுமார் ஒன்றரை யார்டு. ஆனால் எதிரணி என்ன ஆடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள அரை நொடி கூடுதலாக எடுப்பவர் மூன்று, நான்கு யார்டை இழக்கிறார். எவ்வளவு வேகமான காலும் அதை ஈடுகட்டாது. அந்த அரை நொடியை வீடியோவில் எப்படி அளப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு: தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதாவது நான்கு டவுன். அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். தடுக்கும் பதினொரு பேரில் கடைசியாக, பந்திலிருந்து 10 முதல் 15 யார்டு பின்னால் நிற்பவர்கள் சேஃப்டிகள். வழக்கமாக இருவர். இவர்களைத் தாண்டினால் பின்னால் யாரும் இல்லை. தாக்கும் அணியின் முன்வரிசையில் நின்று தடை போடுபவர்கள் லைன்மேன்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட். சென்டர் பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது ஸ்னாப். அதை வாங்கி எறிபவர் குவாட்டர்பேக், பிடிக்க ஓடுபவர்கள் ரிசீவர்கள்.

முதலில், எதைப் பார்ப்பது

தொலைக்காட்சி ஒளிபரப்பில் கேமரா பந்தோடு போகும். ஸ்னாப் ஆகும் நேரத்தில் சேஃப்டி பெரும்பாலும் சட்டகத்திலேயே இருக்க மாட்டார். இருபத்திரண்டு பேரும் தெரியும் பயிற்சியாளர் வீடியோவுக்கு ‘ஆல்-22’ என்று பெயர். என்.எஃப்.எல். ஆட்டங்களுக்கு அது சந்தா கட்டினால் ரசிகர்களுக்கும் கிடைக்கிறது. கல்லூரி ஆட்டங்களுக்கு அரிது. அதனால் கல்லூரி வீரர்களைப் பார்க்கும்போது மைதானத்தின் கோல் முனையான எண்ட் ஸோனுக்குப் பின்னாலிருந்து எடுத்த மறுகாட்சிகளைத் தேடுங்கள். முழு ஆட்டம் வேண்டும். சிறந்த காட்சிகளைத் தொகுத்த வீடியோக்கள் இந்த வேலைக்கு உதவாது. அவற்றில் அவர் கோட்டை விட்ட ஆட்டம் ஒன்றுகூட இருக்காது.

மூன்று ஆட்டங்கள் போதும், ஆனால் தேர்ந்தெடுத்த மூன்று: நன்றாக எறியும் அணிக்கு எதிராக ஒன்று, ஓடியே பிழைக்கும் அணிக்கு எதிராக ஒன்று, அவருடைய அணி மோசமாகத் தோற்றது ஒன்று. கேள்விக்கு இடமில்லாதவற்றைக் கழித்தால் 120 முதல் 150 ஆட்ட வாய்ப்புகள் தேறும்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை, ஸ்னாப்புக்கு ஐந்து நொடி முன்பிருந்து சேஃப்டியை மட்டும். இரண்டாம் முறை, அவரை மறந்துவிட்டு எதிரணியின் லைன்மேன்களையும் குவாட்டர்பேக்கையும். மூன்றாவது, ஃபிரேம் ஃபிரேமாக. யூடியூபில் வீடியோவை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே நகரும். காற்புள்ளி விசை பின்னே கொண்டுபோகும். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள வீடியோவில் 15 ஃபிரேம் அரை நொடி. 60 ஃபிரேம் என்றால் 30. இதைச் சரிபார்க்காமல் எண்ணத் தொடங்கினால் கணக்கு முழுவதும் இரண்டு மடங்கு தப்பாகிவிடும்.

எண்ண வேண்டியது இதுதான்: ஆட்டத்தின் உண்மை கண்ணுக்குத் தெரிந்த ஃபிரேமிலிருந்து, சேஃப்டி சரியான திசையில் தீர்மானமாக எடுத்துவைத்த முதல் அடி வரை. 30 ஃபிரேம் வீடியோவில் 12 ஃபிரேமுக்குள் என்றால் நன்று. 20-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அவர் பின்தொடர்கிறார், கணிக்கவில்லை. இது எந்த அணியின் அதிகாரபூர்வ அளவுகோலும் இல்லை. ஒரே வீரரின் ஆட்டங்களைத் தங்களுக்குள் ஒப்பிட உதவும் கைக்கணக்கு.

ஸ்னாப்புக்கு முந்தைய ஐந்து நொடி

நல்ல சேஃப்டி ஸ்னாப்புக்கு முன்பே பாதி விடையை வைத்திருப்பார். எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு பாக்கி, பந்து எந்தப் பக்கக் கோட்டருகே இருக்கிறது, ரிசீவர்கள் எவ்வளவு அகலமாக நிற்கிறார்கள் என்பதிலிருந்தே எதிரணிக்கு மிச்சமிருக்கும் வழிகள் குறைந்துவிடும். ரிசீவர் லைனுக்கு நெருங்கி நின்றால் வெளிப்பக்கம் ஓட இடம் வைத்துக்கொள்கிறார், அல்லது குறுக்கே ஓடப்போகிறார், அல்லது ஓட்டத்துக்குத் தடை போட வருகிறார். எல்லைக்கோட்டை ஒட்டி நின்றால் உள்ளே வெட்டவோ நேராக மேலே ஓடவோதான் இடம்.

இவற்றை அவர் படிக்கிறாரா என்பதற்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, ரிசீவர் ஒருவர் ஸ்னாப்புக்கு முன் குறுக்கே நகரும்போது சேஃப்டியின் கை எப்போது எழுகிறது? நகர்பவர் சென்டரைத் தாண்டும் முன்பே கைகாட்டி மற்றவர்களை மாற்றுபவர் ஆட்டத்தை நடத்துகிறார். மற்றவர்கள் மாறிய பின் தானும் மாறுபவர் பின்னால் ஓடுகிறார். இரண்டு, மறைப்பு. இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில் நிற்பதுபோல் காட்டிவிட்டு, ஸ்னாப் நேரத்தில் ஒருவர் நடுவுக்கும் மற்றவர் கீழுக்கும் (பந்துக்கு அருகே) சுழல்வது இன்றைய தொழில்முறை ஆட்டத்தில் அன்றாடம். சீக்கிரமே நகர்ந்து குவாட்டர்பேக்குக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறாரா, கடைசி நொடிவரை பொறுத்திருந்தும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறாரா என்று பாருங்கள். பின்னதைச் செய்பவருக்குத் தன் கால்கள் மீதும் கணிப்பின் மீதும் நம்பிக்கை இருக்கிறது.

ஓட்டமா, எறிதலா

இதை லைன்மேன்களின் ஹெல்மெட் சொல்லும். ஹெல்மெட் தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். கார்ட் தன் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பெரும்பாலும் பந்து அந்தத் திசைக்கு. சேஃப்டியின் கண் இந்த வரிசையில் போகவேண்டும்: முதலில் லைன், உடனே ரிசீவர், கடைசியில் பந்து. பந்தை முதலில் பார்க்கிறவரைக் குவாட்டர்பேக், ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பொய்க்கொடுப்புச் செய்து ஏமாற்றுவார். அதற்குப் பெயர்தான் பிளே ஆக்‌ஷன்.

முதல் மூன்று அடிகளைக் கவனியுங்கள். பாதம் தட்டையாக ஊன்றி நின்றோ மெதுவாகப் பின்வாங்கியோ படிக்கலாம். இரண்டும் சரியே, பயிற்சியாளரின் விருப்பம். தவறு என்பது, படிக்கும் முன்பே ஓரடி முன்னே வைத்துவிட்டு அதைத் திருப்பி எடுப்பது. அந்த வீண் அடி போக, திரும்ப என்று இரண்டு முறை நேரத்தைத் தின்னும்.

இங்கே கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் ஒரு விதி வேறுபாடு உண்டு. இது தெரியாமல் பல பேர் நல்ல வீரரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முன்னோக்கி எறியும் ஆட்டத்தில், பந்து கையை விட்டுப் போகும் முன் லைன்மேன்கள் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.-இல் ஒரு யார்டுதான். ஓட்டத்துக்கான தடையைப் போட்டுக்கொண்டே குவாட்டர்பேக் எறிந்துவிடும் ஆர்.பி.ஓ. வகை ஆட்டங்கள் கல்லூரியில் கொழிப்பதற்கு இது ஒரு காரணம். ஹெல்மெட் ஓட்டம் என்கிறது, பந்து காற்றில் போகிறது. அந்த நேரத்தில் சேஃப்டி ஓரடி முன்னே வந்துவிட்டதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். வந்தபின் எத்தனை அடியில் திரும்புகிறார் என்பதற்குக் கொடுங்கள்.

பிளே ஆக்‌ஷனில் ஒரு முறை ஏமாறுவதும் பெரிய குற்றமல்ல, எல்லாருமே ஏமாறுகிறார்கள். முதல் பாதியில் ஏமாந்த அதே அமைப்பு மூன்றாம் கால்பகுதியில் திரும்ப வரும்போது என்ன செய்கிறார்? குறிப்பேட்டில் இதற்கென்றே ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஒரே பொறியில் இரண்டாம் முறை விழாதவரைப் பயிற்றுவிக்கலாம். மூன்று ஆட்டங்களிலும் விழுபவரை, உடல் எப்படியிருந்தாலும், நான் முதல் இரண்டு சுற்றுக்குள் வைக்க மாட்டேன்.

இரண்டாம் ரிசீவரின் மேல் கண்

இரண்டு சேஃப்டியும் ஆழத்தில் நின்று மைதானத்தை நான்காகப் பிரிக்கும் ‘குவாட்டர்ஸ்’ தற்காப்பு, கணிப்பை அளக்க மிகச் சிறந்த இடம். ரிசீவர்களை எல்லைக்கோட்டிலிருந்து உள்நோக்கி ஒன்று, இரண்டு என எண்ணுவார்கள். சேஃப்டி பார்க்கவேண்டியது இரண்டாமவரை. அவர் நேராக எட்டு, பத்து யார்டு தாண்டி மேலே வந்தால் சேஃப்டியின் பொறுப்பு. சீக்கிரமே பக்கவாட்டில் வெட்டிவிட்டால் அவரை, சேஃப்டிக்கு முன்னால் நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கரிடம் விட்டுவிட்டு, முதலாமவரின் உள்வெட்டுக்கு உதவப் போகவேண்டும். தடை போட வந்தால் ஓட்டம் என்று எடுத்துக்கொண்டு முன்னே பாயவேண்டும். மூன்று விடை, ஒரே கேள்வி. ஃபிரேம் எண்ண இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

இதை உடைக்கவே உருவாக்கிய ஆட்டமும் உண்டு. ஸ்டீவ் ஸ்பரியர் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது பிரபலமான ‘மில்ஸ்’. இரண்டாமவர் பத்துப் பன்னிரண்டு யார்டில் உள்ளே வெட்டுவார். ஆசை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி அவர்மேல் பாய்ந்ததும், சேஃப்டி விட்டுப்போன இடத்தில், தலைக்கு மேலாக, முதலாமவர் கோல்கம்பத்தை நோக்கிச் சாய்வாக ஓடுவார். அணி தோற்ற ஆட்டத்தில் இப்படி ஒன்றாவது இருக்கும், தேடிப் பாருங்கள். உள்வெட்டைக் கண்டதும் இடுப்பைத் திருப்பாமல் ஒரு கணம் நின்று, முதலாமவர் எங்கே என்று தலையைச் சுழற்றும் சேஃப்டி இருந்தால் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலைச்சுழற்சி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

நடுவில் ஒற்றையாள்

ஒரே சேஃப்டி ஆழத்தில் நிற்கும்போது அவர் படிக்கவேண்டியது குவாட்டர்பேக்கின் தோள்களை. கண்ணால் ஏமாற்றலாம், தோளால் ஏமாற்றுவது கடினம். பந்தைத் தாங்கியிருக்கும் இரண்டாவது கை பந்தை விட்டு விலகும் ஃபிரேம்தான் தொடக்கம். அதற்கு முன்னமே ஒரு பக்கம் சாய்பவர் ஊகிக்கிறார்.

எட்டும் தூரத்தை மதிப்பிடும்போது மைதானக் கோடுகளை மறக்கக்கூடாது. மைதானம் 160 அடி அகலம். பந்தை வைக்கும் உட்கோடு கல்லூரியில் எல்லைக்கோட்டிலிருந்து 60 அடியில் இருக்கிறது, என்.எஃப்.எல்.-இல் 70 அடி 9 அங்குலத்தில். அதாவது உட்கோட்டில் பந்து வைக்கப்பட்டால் அகலப் பக்கம் கல்லூரியில் 33 யார்டுக்குச் சற்று மேல், தொழில்முறையில் 30 யார்டுக்குள். ஆக, கல்லூரி சேஃப்டி கூடுதல் இடத்தைக் காக்கிறார். அகலப் பக்கத்து எல்லைக்கோட்டுக்கு அரை அடி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததை வேகக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். மறுபுறம், குறுகிய பக்கத்தில் மட்டுமே ஆடியவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கைல் ஹாமில்டன். நோட்ர டேம் வீரர், 6 அடி 4 அங்குலம். 2021 பருவத்தின் முதல் ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக, பந்து காற்றில் இருந்த நேரத்துக்குள் மைதானத்தின் குறுக்கே ஓடி எல்லைக்கோட்டருகே பிடித்த இன்டர்செப்ஷனை, அதாவது எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்ததைப் பாருங்கள். பிறகு டிராஃப்டுக்கு முந்தைய உடல்தகுதிச் சோதனையான கம்பைனில் 40 யார்டை 4.59-இல் ஓடினார், பேச்செல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே போனது. 2022-இல் 14-ஆவதாக பால்டிமோர் எடுத்தது. 2023-இல், லீக்கின் ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இருந்தார். அந்தக் காட்சியில் குவாட்டர்பேக்கின் கை விலகியதிலிருந்து ஹாமில்டனின் இடுப்பு திரும்பும் வரை ஃபிரேம்களை எண்ணிப் பழகுங்கள். கைக்கணக்குக்கு அதுவே நல்ல பயிற்சி.

இன்டர்செப்ஷன்களைச் சலிப்பது

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல் ஒவ்வொன்றையும் மூன்றில் ஒரு குவியலில் போடுங்கள். முதல் குவியல்: ரிசீவர் கையில் பட்டுத் தெறித்தது, குவாட்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது, ஆட்டத்தின் கடைசி நொடி வேண்டுதல் வீச்சு. இரண்டாவது: தனக்கு ஒதுக்கிய ஆளையோ இடத்தையோ காத்து, வந்த பந்தைப் பிடித்தது. மூன்றாவது: தன் இடத்தை விட்டு, படித்ததை நம்பி வேறெங்கோ போய்ப் பிடித்தது. கணிப்புக்குச் சாட்சி மூன்றாவது மட்டுமே. முதல் குவியல் குருட்டாம்போக்கு.

2023 செப்டம்பர் 7 அன்று பிரையன் பிரான்ச் டெட்ராய்ட்டுக்காகத் தன் முதல் ஆட்டத்திலேயே, கான்சஸ் சிட்டிக்கு எதிராக இன்டர்செப்ஷன் எடுத்து 50 யார்டு ஓடி, பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்டார். ஆனால் அது ரிசீவர் கையிலிருந்து நழுவிய பந்து; நம் கணக்கில் முதல் குவியல். பிரான்ச் நல்ல வீரர் என்பதற்குச் சான்று வேறு ஆட்டங்களில் நிறைய இருக்கிறது. இந்தக் காட்சியில் இல்லை.

கெவின் பயர்டு எதிர்ப்பக்கம். மிடில் டென்னஸி ஸ்டேட்டில் நான்கு பருவத்தில் 19 இன்டர்செப்ஷன். கம்பைனுக்கு அழைப்பே வரவில்லை. 2016-இல் மூன்றாம் சுற்றில், 64-ஆவதாக டென்னஸி எடுத்தது. அடுத்த ஆண்டே 8 இன்டர்செப்ஷன், ஆல்-புரோ. சிறிய கல்லூரி என்றால் எதிரே எறிபவரும் சுமார்தான் என்று தள்ளிவிடத் தோன்றும். அப்போதும் மூன்றாம் குவியலை எண்ணுங்கள். எறிபவர் சுமாராக இருந்தாலும், இடத்தை விட்டுச் சரியான இடத்துக்குப் போனது சேஃப்டியின் வேலை.

மூன்றாம் குவியலுக்கு ஒரு விலையும் இருக்கிறது. இடத்தை விட்டுப் போய்ப் பிடிக்காமல் திரும்பிய ஒவ்வொரு தடவையையும், அதனால் எதிரணிக்குக் கிடைத்த யார்டையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். பால்டிமோரின் முன்னாள் சேஃப்டி எட் ரீட் 64 இன்டர்செப்ஷனும் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய 1,590 யார்டும் சேர்த்தார்; அந்த யார்டு கணக்கு என்.எஃப்.எல். சாதனை. அவரைப் பார்த்து ஒவ்வொரு துணிச்சல்காரரையும் அடுத்த ரீட் என்று எழுதுவது ஆண்டுதோறும் நடக்கிறது. இரண்டு பெற்று ஐந்து இழப்பவர் ரீட் அல்ல.

டேக்கிளில் தவறியது கையா, கண்ணா

பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது டேக்கிள். தவறிய டேக்கிள் எல்லாம் ஒரே ரகமில்லை. சரியான நேரத்தில், சரியான கோணத்தில் வந்து, தலையைக் கவிழ்த்தோ கையை மட்டும் நீட்டியோ நழுவவிட்டால் அது நுட்பக் குறை, பயிற்சியில் திருத்தலாம். தாமதமாக வந்து, ஓடுபவர் ஏற்கெனவே வேகமெடுத்தபின் பக்கவாட்டில் பாய்ந்து தவறினால் அது கணிப்புக் குறை. புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். நீங்கள் பிரித்து எழுதுங்கள். சரியான கோணம் என்பது ஓடுபவரின் உள்பக்க இடுப்பை நோக்கி வருவது. அப்போதுதான் அவர் உள்ளே வெட்டித் திரும்பினாலும் கைக்குள் இருப்பார். கடைசி மூன்று யார்டில் அடி சுருங்குகிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் வந்து மோதுபவர் ரசிகர்களுக்கு விருந்து, திறந்த வெளியில் அணிக்கு ஆபத்து.

யார் தவறு என்று தீர்ப்பு எழுதும் முன்

ஆழத்தில் ஒருவர் தனியாக ஓடி டச்டவுன் போட்டால், அருகில் இருந்த சேஃப்டியின் மேல் பழி விழும். பல சமயம் தவறு, ஓரத்தில் ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்குடையது. என்ன தற்காப்பு அழைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் கார்னர்களைப் பார்த்து ஊகிக்கலாம். இருவரும் குவாட்டர்பேக்குக்கு முதுகு காட்டி ரிசீவரைத் துரத்தினால் ஆளுக்கு ஆள். இருவரும் உள்ளே பார்த்தபடி பின்வாங்கினால், நடுவில் ஒரு சேஃப்டி இருந்தால், ஆழத்தை மூன்றாகப் பிரித்துக் காக்கும் மண்டலத் தற்காப்பு. கார்னர் ஆழத்துக்குப் போகாமல் கீழேயே நின்றால் பின்னால் இருக்கும் பாதி மைதானம் சேஃப்டிக்கு. இவை மூன்றுக்கும் பொருந்தாத ஆட்டத்தை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடவேண்டாம்.

கம்பைன் எண்களைக் கடைசியில் பாருங்கள், முதலில் வேண்டாம். 2017-இல் ஓபி மெலிஃபொன்வூ 4.40 ஓடினார், நின்ற இடத்திலிருந்து 44 அங்குலம் எம்பினார். 56-ஆவதாக எடுக்கப்பட்டும், காயங்களும் சேர்ந்து, சில ஆட்டங்களோடு முடிந்தது. 5 அடி 9 அங்குல ஆன்டோயின் வின்ஃபீல்டு ஜூனியர், மினசோட்டாவில் 2019-இல் 7 இன்டர்செப்ஷன் எடுத்து, 2020-இல் 45-ஆவதாகப் போனார். 2023-இல் ஆல்-புரோ முதல் அணி. வீடியோ ‘தாமதம்’ என்றும் எண் ‘வேகம்’ என்றும் சொன்னால் வீடியோவை நம்புங்கள். வீடியோ ‘சீக்கிரம்’ என்றும் எண் ‘மெதுவு’ என்றும் சொன்னால், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்ற கேள்வி மட்டுமே மிச்சம்: ஒற்றையாளாக ஆழத்திலா, பாதி மைதானத்துக்கா, கீழே, உள்பக்க ரிசீவருக்கு எதிரே ஸ்லாட்டிலா.

டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களுக்காக அலபாமாவின் மொபீல் நகரில் நடக்கும் சீனியர் பவுல் வாரத்தையும் தவறவிடாதீர்கள். புதிய அழைப்புகள், புதிய கூட்டாளிகள், ஒரு வாரம். கல்லூரியில் மூன்று ஆண்டு பழகிய தற்காப்பில் மட்டும் கை எழுந்தவரா, இங்கேயும் மற்றவர்களை இடம் மாற்றுபவரா என்பது பயிற்சி வீடியோவில் தெரிந்துவிடும்.

குறிப்பேட்டை மூடும் முன் ஒரு சோதனை. ஒரு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல், அதே வீரரின் இருபது ஆட்ட வாய்ப்புகளுக்குத் திரும்ப ஃபிரேம் எண்ணுங்கள். பல இடங்களில் ஐந்து ஃபிரேமுக்கு மேல் மாறினால், ‘உண்மை தெரிந்த ஃபிரேம்’ எது என்பதில் நீங்கள் இன்னும் நிலையாக இல்லை. ஓட்டத்துக்கு கார்டின் ஹெல்மெட், எறிதலுக்குக் குவாட்டர்பேக்கின் கை என்று முடிவு செய்துகொண்டு முதலிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகே அடுத்த வீரர்.